பூனைச் சத்தமும் சூப்பர் டீலக்ஸும்

கனடாவின் மான்ட்ரியலில் 1996 முதல் நடக்கும் ஃபாண்டாசியா விழாவில், விளக்கு அணைந்ததும் அரங்கமே 'மியாவ்' என்று கத்தும். பேய், வேற்றுக்கிரகம், வெட்டுக்குத்து என்று வீட்டில் திட்டு வாங்கித்தரும் படங்களுக்கு அங்கே ராஜமரியாதை. 2019-இல் இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' அங்கே திரையிடப்பட்டது. மகனைப் பார்க்க ஷில்பா என்ற திருநங்கையாகத் திரும்பிவரும் அப்பா, பையன்கள் சந்திக்கும் வேற்றுக்கிரகப் பெண், எல்லாம் ஒரே படத்தில்! குமாரராஜாவின் முந்தைய படமான 'ஆரண்ய காண்டம்' 2010-இல் நியூயார்க் தெற்காசிய விழாவில் நடுவர் பரிசு வென்று, 2011-இல்தான் திரையரங்குக்கு வந்தது.

புதுச்சத்திரத்தில் இருந்துகொண்டு இவ்விழாக்களின் பட்டியலைப் படிப்பது எனக்குப் பெரும் சுகம். பெயர் தெரியாத இயக்குநர், விசித்திரமான ஒரு வரிக் கதை. அப்படிப்பட்ட படத்தைத்தான் முதலில் குறித்துக்கொள்வேன்.