அரியாத்தையின் யானை: ஒரு மறுநோக்கு

வன்னிநாட்டு வாய்மொழி இலக்கியம்பற்றிப் பேசப் புகுவோர் தவறாது எடுத்துக்காட்டும் பாடல்களுள் ஒன்று, வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தைபேரில் எழுந்த ஒப்பாரியாகும். ஆடவர் அஞ்சிநின்ற காட்டு யானையைப் பெண்ணொருத்தி அடக்கிய கதை அது. 'வேழம்படுத்த வீராங்கனை' என்னும் பெயரில் அருணா செல்லத்துரை அதனைக் கூத்தாக்கினார். அத்தலைப்பே நமது விமரிசனத்தின் போக்கையும் காட்டிவிடுகிறது. வீரம், பெண்ணின் ஆற்றல், வன்னியர்காலப் பெருமை என்னும் மூன்றையுஞ் சுற்றியே மதிப்பீடுகள் சுழன்று வந்துள்ளன. யானை அங்கே வீரத்தை அளக்கும் கோல், அதற்குமேல் ஒன்றுமில்லை.

இவ்வாசிப்புப் பிழையென யாம் கூறவரவில்லை. ஆயினும் அது பெரிதும் குறையுடையது. பாடலின் வடிவமே முதற்கண் நோக்கற்பாலது. இது பரணியன்று, ஒப்பாரி. யானையை வென்றவளுக்காக அழும் பாட்டை வெற்றிப்பாட்டாக மட்டுமே கொள்வது, வடிவத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதையை மாத்திரம் எடுத்துக்கொள்வதாகும்.

அடுத்து, பணிக்கன் என்னும் சொல். அது இங்கே வெறும் பட்டப்பெயரன்று. யானை பிடிப்போரின் தொழிற்பெயர். எமேசன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கைபற்றிய நூலில் வடக்கு, வடகிழக்குப் பகுதிகளின் முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்த பணிக்கரைப்பற்றி விரிவாக எழுதியுள்ளார். அடிச்சுவட்டையும் முறிந்த கிளையையும் கொண்டே யானையின் நடமாட்டத்தை அவர்கள் அறிந்தனர். இருவர் மட்டும் தோற்கயிற்றுடன் பின்சென்று, பின்னங்காலிற் சுருக்கிட்டு மரத்தோடு பிணிப்பர். வன்னி ஒப்பாரி, இதே தொழிற்பெயர் தமிழ்க் குடும்பமொன்றுக்கும் உரியதாய் இருந்தமையைக் காட்டுகிறது. இத்தொழிலின் பின்னே ஒரு பொருளாதாரமும் இருந்தது. வன்னியர் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தினர். யாழ்ப்பாணத்தில் இந்திய வணிகருக்கு அவை விற்கப்பட்டன. ஆகவே பணிக்கரின் அறிவை இன்றைய பாதுகாப்பு அறிவாகப் புனைந்துரைப்பதும் பொருந்தாது. அது பிடிப்பதற்கான அறிவு, காப்பதற்கானதன்று.

இனி யானைக்கு வருவோம். பிறந்த கூட்டத்தை ஆண்யானை பத்துப் பதினைந்து வயதளவில் நீங்கித் தனித்தோ சிறுகுழுவாகவோ திரியும். நமது பொதுவழக்கு சினந்த களிறு அனைத்தையும் 'மதயானை' என்றுவிடும். உயிரியலார் அவ்வாறு கொள்வதில்லை. மதம் என்பது முதிர்ந்த ஆணில் ஆண்மைச்சுரப்பு மிகுந்து, கன்னச் சுரப்பியிலிருந்து நீர் வடியும் ஒரு பருவநிலை. பழந்தமிழ்ப் புலவர் இதனைக் கடாம் என்று நுணுகிக் கண்டிருந்தனர். வயலில் இறங்குவதற்கோ மதம் வேண்டியதில்லை. தென்னிந்தியாவில் ராமன் சுகுமார் 1980களில் நடத்திய ஆய்வு, கூட்டத்துப் பெண்யானைகளைவிட வளர்ந்த ஆண்களே பயிரை மிகுதியும் மேய்கின்றன எனக் காட்டியது. ஆபத்து மிகுதி, ஊட்டமும் மிகுதி. முத்தையன்கட்டுப் பக்கத்து முதியவர் ஒருவர் எம்மிடம் இதனையே வேறு விதமாகச் சொன்னார்: "அவன் பசிக்கு வாறதில்லைத் தம்பி, ருசிக்கு வாறான்."

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. 'மதங்கொண்ட' பகையாக யானையைக் காணும் மனம், அதனை அகற்றிவிட்டால் தொல்லை தீரும் என எண்ணும். அரியாத்தை கதையின் தருக்கமும் அதுவே: ஒரு யானை, ஒரு வீரச்செயல், ஒரு முடிவு. அரச கொள்கையும் நெடுங்காலம் அவ்வழியே சென்றது. பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு அதனைச் சோதித்தது. பிடித்து வேறிடங்களில் விடப்பட்ட 12 ஆண்யானைகளின் நடமாட்டத்தைக் கழுத்துப்பட்டைக் கருவிகொண்டு அவர்கள் தொடர்ந்தனர். சில பழைய இடத்துக்கே திரும்பின. சில நெடுந்தூரம் அலைந்தன. சில விட்ட இடத்தின் அயலிலே தங்கின. தொல்லை குறையவில்லை; இடம் மாறியது, பெருகியும் போயிற்று. யானைகளும் மாண்டன.

அதே குழுவினரின் 2021ஆம் ஆண்டு ஆய்வு மேலும் அடிப்படையானது. இலங்கை நிலப்பரப்பில் 59.9 வீதத்தில் யானை உண்டு. அவ்வாறு யானை உள்ள பரப்பில் 69.4 வீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். யானை சரணாலயத்துக்குரியது, மனிதன் ஊருக்குரியவன் என்னும் பிரிவினை இங்கே உடைந்துபோகிறது. 2015இல் சுண்டிக்குளமும் மடுவீதியும் தேசியப் பூங்காக்களாயின. பூங்காவின் எல்லைக்கோட்டை யானை வாசிப்பதில்லை. அறுவடை முடிந்த சேனையும் பற்றை மண்டிய தரிசும் முதிர்ந்த காட்டைவிட அதற்கு உவப்பான மேய்ச்சல் நிலங்கள். 2009இன் பின் மீளக்குடியேறிய வன்னி மக்கள், ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்து பற்றையாகிய காணிகளுக்கே திரும்பினர் என்பதை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். 2023இல் நாடு முழுவதிலும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர்.

அறிவியல் ஆய்வுகளிடத்தும் எமக்கு ஒரு குறையுண்டு. 2011இல் நீர்நிலைகளிற் கணக்கிடப்பட்டு 5,879 என்னும் தொகை வெளியாயிற்று. நாடு தழுவிய தொகை நெடுங்கேணியில் இரவு முழுதும் பரணிற் கண்விழிப்பவனின் அச்சத்தை அளக்காது. எந்த யானை எந்தக் குளக்கட்டால் இறங்கும் என்று அவன் அறிந்திருப்பதையும் கேட்காது. அந்த அச்சத்துக்கு ஒப்பாரியில் இடமுண்டு. பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு முதலிய வன்னிப் பாடல்களிலும் பயிரும் விலங்கும் எதிர்ப்படும் இதே களத்தையே காண்கிறோம். இவற்றை நாட்டார் வழக்காறென்று ஒரு பெட்டியிலும், விலங்கியலை வேறொரு பெட்டியிலும் பூட்டிவைத்தவர்கள் பல்கலைக்கழகத்தாராகிய நாமே.

ஒட்டுசுட்டான், மாங்குளம் பகுதிகளில் யானையின் வயது, நடை, குணம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் முதியோர் நாவில் இன்னும் வழங்குகின்றன. தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் விலங்கியல்துறை மாணவர் ஒருவரும் ஒன்றாகச் சென்று அவற்றைத் தொகுக்கலாம். அடுத்த சிறுபோகத்துக்கு முன்னரே தொடங்கலாம்.