ஒரு குப்பி, பல கண்கள்

சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்துப் பார்வை மங்குகிறவர்களுக்கு, கண்ணுக்குள் போடும் ஊசி பெரிய வரம். அதிலும் ஏழைகளின் கைக்கு எட்டுவது அவாஸ்டின் எனும் பெவாசிசுமாப். குடல் புற்றுநோய்க்காக 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த மருந்தை, மறு ஆண்டே மயாமியில் மருத்துவர் பிலிப் ரோசன்ஃபெல்ட் கண்ணுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்.

இதன் பலம் கணக்கிலேயே தெரியும். ஒரு குப்பியில் 4 மில்லி. ஒரு கண்ணுக்குத் தேவை 0.05 மில்லிதான். பகிர்ந்தால் செலவு பல மடங்கு குறைகிறது. தரத்திலும் சோடையில்லை. அவாஸ்டின் உள்ளிட்ட மூன்று ஊசி மருந்துகளை ஒப்பிட்டு 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பார்வை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. பார்வை அதிகம் குறைந்தவர்களுக்கு மட்டும் முதல் ஆண்டில் அவற்றில் ஒன்றான அஃப்லிபெர்செப்ட் முந்தியது.

பலவீனமும் அந்தப் பகிர்விலேயே இருக்கிறது. குப்பியில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் கிடையாது. ஒருவர் கை தவறினால் அன்று ஊசி போட்டுக்கொண்ட அத்தனை பேருக்கும் ஆபத்து. 2011-இல் மயாமி பகுதியில் ஒரே மருந்தகம் பிரித்துத் தந்த சிரிஞ்சுகளால் 12 பேருக்குக் கண்ணுக்குள் தொற்று ஏற்பட்டது. 2016 ஜனவரியில் குஜராத்தில் பலருக்குக் கண் அழற்சி வந்ததும், இந்த மருந்தைக் கண்ணுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. சில வாரங்களில் அந்த எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. விலக்கியது சரி. மருந்தையே நிறுத்தினால், மாற்று ஊசிக்கு வழியில்லாதவரின் பார்வைதான் போகும். கண்காணிக்க வேண்டியது பிரிக்கும் முறையை.

இன்னொரு குறை, ஊசி முடிந்து வெளியே வரும் வாசலில். "ரெண்டு நாள் செவப்பா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்து, வலியில்லாமல் சிவந்திருந்தால் அந்த ஆறுதல் உண்மைதான். ஆனால் வலி கூடுகிறது, வெளிச்சம் கூசுகிறது, நேற்றுத் தெரிந்த விரல் இன்று தெரியவில்லை என்றால் அது வேறு கதை. கிருமியில்லாத அழற்சி பெரும்பாலும் ஓரிரு நாளில், அதிக வலியின்றி வரும். தொற்று பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வலியோடு வரும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதும் உண்டு. ஐயம் வந்தால் தொற்று என்றே கொண்டு, கண்ணுக்குள்ளிருந்து மாதிரி எடுத்து, அப்போதே ஆன்டிபயாட்டிக் செலுத்துவதுதான் முறை. காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விழித்திரைக்கு இழப்பு.

ஆகவே பகிர்வு நீடிக்கட்டும், ஒழுங்கோடு. காற்றை வடிகட்டும் மேடையில் வைத்து மருந்தைப் பிரிக்க வேண்டும். ஒரு சிரிஞ்சு ஒரு கண்ணுக்கு மட்டும். ஊசி போடுமுன் 5 சதவீத போவிடோன் அயோடின் தவறக்கூடாது. குப்பியின் தொகுதி எண் நோயாளியின் சீட்டில் ஏற வேண்டும். அதே சீட்டில், வலித்தால் நள்ளிரவிலும் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். சிக்கனத்தால் கிடைத்த பார்வையைக் காப்பாற்ற இந்தச் சிறு செலவைச் செய்துதான் ஆக வேண்டும்.