மினியும் ரப்பரும்

சீகிரியாவில் ராலி கிராஸ் நடக்கும் நாளில் சனம் கிரவல் பாதையோரம் கூடும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்திய வாரங்கள். மாத்தளைப் பக்கத்துக் கராஜ்களில் பழைய கார்கள் பந்தயத்துக்குத் தயாராகும் காலம் அது. மினி கூப்பர் ஒன்று நின்றால் நேரம் போவதே தெரியாது.

1959இல் வெளிவந்த, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினியில் சுருள்வில் இல்லை. அலெக்ஸ் மோல்டன் அதைத் தாங்கவைத்தது ரப்பர் கூம்புகளில். ரப்பர்ப் பால் வெட்டுகிற மாவட்டத்துக்காரனுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். ஆண்டுகள் போக அந்த ரப்பர் அமுங்கி இறுகும், கார் குந்திவிடும். தேர்ந்த பாஸ் பானெட்டைத் திறக்குமுன் காரைச் சுற்றி நடந்து, சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவே விரல்களை வைத்து அளப்பார். புதிய கூம்பு ஏறியதும் கார் எழுந்து நிற்கும் அழகை மழைக்கு மறுநாள் மிளகுக்கொடியில்தான் பார்த்திருக்கிறேன்.

1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொண்டே கார்லோ ராலியை வென்ற வண்டி இது. வளைவில் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் வளைவுதான் அதன் எஞ்சினுக்குச் சோதனையும். கியர்பெட்டி எஞ்சினுக்கு அடியில், சம்புக்குள்ளேயே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய். நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினால் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். பெயரிங்குகள் தேய்ந்து போகும். அதனால் குழாயின் வாயைச் சம்பின் நடுவுக்குக் கொண்டுவருவார்கள். வெளியே யார் கண்ணுக்கும் படாத அந்த வேலையைத்தான் நான் கலை என்பேன்.

குதிரைவலுவை முதலில் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய கார் முதலில் நிற்கப் பழக வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 4 வகை புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி, பிறகு மிதி அப்படியே தரைக்குப் போகும். டயரின் வயதையும் பார்க்கவேண்டும். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கார்புரேட்டரைத் தொடுவது இதெல்லாம் முடிந்த பிறகு.

சீகிரியாவுக்குப் போனால், ஓட்டம் தொடங்குமுன் கார்கள் நிற்கும் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். மினியின் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்குப் பின்னால், தூசியும் தண்ணீரும் நேரே அடிக்கிற இடத்தில் இருக்கும். அதன்மேல் ரப்பர்க் கையுறை ஒன்றை மாட்டி, விரல்நுனிகள் வழியே பிளக் வயர்களை வெளியே எடுத்திருந்தால், அந்தக் காரில் நல்ல பாஸ் ஒருவரின் கை பட்டிருக்கிறது.