எபேசு ஆர்ட்டெமிஸ் கோயில்: எரித்தவனும் அடைக்கலம் புகுந்தவர்களும்

எபேசு ஆர்ட்டெமிஸ் கோயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், அதைக் கொளுத்தியவன்தான் முதலில் வந்து நிற்கிறான். கி.மு. 356இல் ஹெரோஸ்ட்ராட்டஸ் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே தீ வைத்தான். அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று நகரத்தார் தடைபோட்டும், வரலாற்றாசிரியர் தியோபாம்பஸ் அதை எழுதிவைத்துவிட்டார். சார்த்தரின் 'சுவர்' தொகுப்பில் (1939) அவன் பெயரையே தலைப்பாகக் கொண்ட கதை ஒன்று உண்டு. எரித்தவனைத் தெரிகிறது, கட்டியவனை யாருக்கும் தெரியவில்லை என்ற பேச்சு அதில் வருகிறது.

கட்டியவர்களையும் தெரியும். கிரீட் தீவின் நோசஸ் ஊர்க்காரர் கெர்சிஃப்ரான். அவர் மகன் மெட்டாஜெனிஸ். நிலநடுக்கத்துக்கு அஞ்சிச் சதுப்பு நிலத்தைத் தேர்ந்து, கரியும் ஆட்டுமயிரும் பரப்பி அடித்தளம் இட்டார்கள் என்கிறார் பிளினி. தூண்களில் பெரும்பாலானவை லிடியா மன்னன் குரோசஸின் கொடை. தீக்குப் பின் எழுந்த கோயிலுக்கு 127 தூண்கள், ஒவ்வொன்றும் 60 அடி உயரம் என்று அதே பிளினி கணக்குச் சொல்கிறார்.

ஆனால் இந்தக் கோயிலின் உயிர் தூண்களில் இல்லை, அடைக்கல உரிமையில் இருந்தது என்றே நான் கருதுகிறேன். அதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கதாசிரியர்கள். அக்கிலீஸ் டாட்டியஸ் எழுதிய கிரேக்கப் புதினத்தில், அடிமையாக விற்கப்பட்ட லியூசிப்பி தப்பியோடி இந்தக் கோயிலுக்குள் புகுகிறாள். எசமானின் கொடுமையைச் சொல்லி முறையிட வரும் அடிமைப் பெண்ணுக்கு அங்கே வழி உண்டு என்று ஆசிரியர் விளக்குகிறார். கல்லையும் பொன்னையும் அளந்த எழுத்துகளைவிட இந்த ஒரு செய்தி அந்த வாசலின் பெருமையை எனக்கு அதிகம் உணர்த்துகிறது.

வரலாறு அந்த வாசலை எப்போதும் மதிக்கவில்லை. கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோயி, கி.மு. 41இல் ஆண்டனியின் ஆணையால் இங்கேயே கொல்லப்பட்டாள் என்கிறார் ஜொசீஃபஸ். அடைக்கல எல்லையை இரு மடங்காக்கி, நகரின் ஒரு பகுதியையும் அதற்குள் சேர்த்தவனும் அதே ஆண்டனிதான். குற்றவாளிகள் கை ஓங்கியதால் அகஸ்டஸ் அந்த விரிவை நீக்கினார் என்று ஸ்ட்ரேபோ எழுதுகிறார். நூறு ஆண்டுகூட ஆகாமல், கோயிலை நம்பிப் பிழைத்த வெள்ளித் தட்டார்கள் கிறித்தவத்தைப் பரப்பிய பவுலுக்கு எதிராகத் திரண்ட கலகத்தை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது.

பிறகு கோயில் அழிந்தது. ஆற்று வண்டல் மூடியது. தியேட்டரில் கிடைத்த கல்வெட்டு ஊர்வலப் பாதையைக் காட்ட, ஜான் டர்ட்டில் வுட் 1869 டிசம்பர் 31இல் கோயில் தளத்தைக் கண்டார். அதுவரை நூற்றாண்டுகளாக அதைக் காத்தது கதைதான். டயர் மன்னன் அப்பலோனியஸின் பழங்கதையில், இறந்தாள் என்று கடலில் விடப்பட்ட மனைவி எபேசுக் கோயிலில் பூசாரிணியாக வாழ்கிறாள். ஷேக்ஸ்பியரின் 'பெரிக்ளீஸ்' அவளைக் கணவனிடம் சேர்க்கிறது. 'பிழைகளின் நகைச்சுவை'க்கு மூலமான பிளாட்டஸின் நாடகம் எபிடாம்னஸில் நடப்பது. ஷேக்ஸ்பியர் களத்தை எபேசுக்கு மாற்றினார். அங்கே ஆர்ட்டெமிஸ் இல்லை, கிறித்தவக் கன்னிமடம் இருக்கிறது. அடைக்கலம் புகுந்தவனைத் தன் கணவன் என்று தவறாக நம்பி ஒருத்தி வந்து கேட்டும், மடத்துத் தலைவி ஒப்படைக்க மறுக்கிறாள்.