தலைக்கட்டு வரியும் சாமி இல்லாதவனும்

சாமி இல்லை என்று சொல்கிறவன் திருவிழா கொண்டாடலாமா? நம் கூட்டங்களில் இந்தக் கேள்வி வருசம் தவறாமல் வந்துவிடுகிறது. ஆடியில் ஒருமுறை, ஆயுதபூசைக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை. கேட்கிறவர்கள் நல்ல தோழர்கள்தான். பதில் சொல்கிறவர்களும் இரண்டே பதில்தான் வைத்திருக்கிறார்கள். கூடாது, கொள்கை கெடும் என்பது ஒன்று. கொண்டாடலாம், அது மக்கள் பண்பாடு என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கேள்வியை ஊரில் உட்கார்ந்து கேட்கிறோமா, சேரியில் உட்கார்ந்து கேட்கிறோமா என்பதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் முதல் புகார்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வானம் பார்த்த ஊர். கடலை, சோளம், கம்மாய் நிறைந்தால் நெல். ஊர்த் திருவிழா சாட்டுவதற்கு எங்கள் தெருவிலிருந்து பறையோடு போகணும். காப்புக் கட்டியதிலிருந்து தேர் நிலைக்கு வரும்வரை அடிக்கணும். அடிக்கிறவன் கோயில் வாசலுக்கு எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்பதற்கு ஒரு வேப்பமரம் அடையாளம். தனிக் கூலி கிடையாது. களத்தில் அளக்கும் நெல்லில் அதுவும் சேர்த்தி. அந்த நெல்லுக்கு எங்கள் பக்கம் பேர் என்ன தெரியுமா? ‘சுதந்திரம்’. தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் இந்தச் சொல்லை எந்த வாத்தியாரும் எனக்கு இந்தப் பொருளில் சொல்லித் தரவில்லை.

எனக்குப் பத்து வயசிருக்கும்போது எங்கள் தெரு ஆட்கள் இனிப் பறை எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்த இடம் எங்கள் தெருக் காளி கோயில் முன்னால். பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பொட்டலம் போட்டு, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். பிறகு என்ன நடந்திருக்கும் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் சாமான் கிடையாது. கடலை பறிக்க ஆள் கூப்பிடவில்லை. கம்மாயில் கால் கழுவக்கூடாது. நாற்பது நாள் தாங்கினார்கள். பறை அதோடு நின்றது.

அந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்து ஊர்ச் சாமிக்கு விழுந்த பெரிய அடி அதுதான். சாமி வீதிக்கு வர முடியாமல் மூன்று வருசம் திருவிழா நின்றது. அதைச் செய்தவர்களில் ஒருத்தர்கூட நாத்திகர் இல்லை. பின்னாளில் பெரியார் படித்துவிட்டு வந்த திமிரில் அய்யாவிடம் கேட்டேன்: “சிவப்புப் பூ வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீக?” அய்யா சொன்னார்: “வெள்ளை வர்ற வரைக்கும் எடுத்திருப்போம்டா.”

இதே ஊரில் ஒரு பகுத்தறிவு ஆசிரியரும் இருந்தார். கரைகாரர் வீட்டுப் பிள்ளை. எனக்கு முதன்முதலில் புத்தகம் கொடுத்தவர் அவர்தான், அதை மறுக்கவில்லை. நெற்றியில் எதுவும் வைக்கமாட்டார், வீட்டில் சாமி படம் இல்லை. திருவிழா மறுபடி தொடங்கிய வருசம் அவர் அப்பா இல்லாததால் கரைக்குரிய மரியாதையை அவர்தான் வாங்கினார். தலையில் பரிவட்டம், கையில் தேங்காய்ப் பழம். மறுநாள் நான் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டு, “சாமிக்காக இல்லடா, ஊர் வழக்கம்” என்றார். பொய் சொல்லவில்லை அவர். அவருக்குச் சாமி உண்மையிலேயே இல்லை. ஊர்தான் இருந்தது.

திருவிழாவின் இந்தப் பக்கத்தைப் புரிந்துகொள்ள எங்கள் மாவட்டத்தைவிடத் தோதான இடம் கிடையாது. தொண்டைமான் சமஸ்தானத்தில் நவராத்திரிக்குப் பிராமணர்களுக்கு அரிசியோடு அம்மன்காசு கொடுத்தார்கள். ஒருபக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. ராஜா தன்னைப் பிரகதாம்பாள் தாசன் என்று சொல்லிக்கொண்டார். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, காசு செல்லாமல் போனது. மரியாதை செல்லாமல் போகவில்லை. நிக்கோலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தச் சமஸ்தானத்தைப் பற்றி 1987இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு எந்த வரிசை என்பதிலேயே இங்கே அதிகாரம் ஓடியது என்பது அதில் முக்கியமான விசயம். எங்கள் அப்பத்தா அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. வேப்பமரம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது நம் முன்னோடிகளிடம் வருவோம். தீபாவளியைப் பெரியார் அடித்த அடி நமக்குத் தெரியும். பூமியைப் பாயாகச் சுருட்டிய கதை, பன்றி அவதாரம், அதற்குப் பிறந்த நரகாசுரன், அவன் செத்ததற்கு நாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேலி செய்தார். கதையை நம்புகிறவனைக் கூசவைக்கிற கேலி அது. அவருக்கு முன்பே அயோத்திதாசர் வேறு வழியில் போனார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி, 1914இல் சாகும்வரை எழுதியவர். தீபாவளியை அசுரன் செத்த நாளாக அவர் ஒப்புக்கொள்ளவேயில்லை. பௌத்தர்கள் எள்ளிலிருந்து நெய் கண்டு அதைத் தேய்த்துக் குளித்த நாள் என்று எழுதினார். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த பெரிய புத்தகங்கள் வந்தபிறகுதான் நம் தலைமுறைக்கு இது கைக்கு வந்தது. வரலாறாக இதை நிரூபிக்க முடியுமா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். எனக்குப் பிடித்தது அந்தத் துணிச்சல். பண்டிகை உன்னுடையது இல்லை, என்னிடமிருந்து திருடியது என்கிறார்.

இரண்டுபேரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. இருவரும் பண்டிகையின் கதையோடு சண்டை போடுகிறார்கள். சேரிக்காரனைப் பண்டிகை பிடித்துவைத்திருப்பது கதையால் மட்டும் இல்லை, வேலையாலும்தான். நரகாசுரன் கதையே தெரியாத எங்கள் தெரு ஆட்கள் தீபாவளிக்கு முதல்நாள் ஊர் வீடுகளில் விறகு பிளந்து கொடுத்துவிட்டு, மறுநாள் மிச்சப் பலகாரத்துக்குத் தூக்குவாளியோடு கொல்லைப்பக்கம் நின்றார்கள். கதை பொய் என்று நிரூபித்தால் தூக்குவாளி கீழே இறங்குமா? பெரியார் இயக்கம் மதமில்லாத திருநாளாக முன்வைத்த பொங்கலும் அப்படித்தான். அறுவடைத் திருநாள், சரி. யார் நிலத்து அறுவடை? பொங்கக் காசுக்கும் பழைய வேட்டிக்கும் வீடுவீடாகப் போனவனுக்கு, அந்த நாளில் சாமி இருந்ததா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி.

அம்பேத்கரிடம்தான் இதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் போராட்டம் தொடங்கியது. ஏப்ரலில் ராமநவமித் தேர். இரண்டு தரப்பும் சேர்ந்து வடம் பிடிப்பது என்று பேசி முடித்தார்கள். கடைசி நேரத்தில் சாதி இந்துக்கள் ஏமாற்றித் தேரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், கல் பறந்தது. அந்த ராமனைப் பிறகு அம்பேத்கர் எழுத்தில் என்ன செய்தார் என்பது நமக்குத் தெரியும். சிலையைக் கும்பிட்டால் விடுதலை வரும் என்று தான் அந்தப் போராட்டத்தைத் தொடங்கவில்லை, நம் மக்களை எழுப்புவதற்கே தொடங்கினேன் என்று 1934இல் கெய்க்வாடுக்கு எழுதிய கடிதத்தில் விளக்குகிறார். உரிமை கேட்பது வேறு, வழிபடுவது வேறு. 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்றார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தத்துக்குப் போனபோது அவர் தேர்ந்தெடுத்த நாள் விஜயதசமி. ராமனையும் கௌரி கணபதியையும் கும்பிடமாட்டேன் என்று லட்சக்கணக்கான பேர் உறுதி எடுத்தது ஒரு பண்டிகை நாளில். அந்த நாளை விட்டுக்கொடுக்காமல், அசோகன் பேரால் கைப்பற்றினார்.

நாசிக் வடத்தின் மறுமுனை நமக்குப் பக்கத்தில் கண்டதேவியில் கிடந்தது. தேவகோட்டைப் பக்கம், சொர்ணமூர்த்தீசுவரர் கோயில், ஆனித் தேர். நான்கு நாட்டாருக்கு வடம், மரியாதை. நம்மவர்கள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டு 1990களின் கடைசியிலிருந்து வழக்கும் போராட்டமுமாக நடந்தது. பிறகு பதினேழு வருசத்துக்கும் மேல் தேரே ஓடவில்லை. 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடு ஓடியது. நாம் தொட்ட தேரைவிட ஓடாத தேரே மேல் என்று ஒரு சமூகத்தால் இருக்க முடிகிறது என்றால், அங்கே யாருக்குச் சாமி முக்கியம்? அந்த நான்கு நாடுகளில் ஒன்றான உஞ்சனையில்தான் 1979இல் கோயில் திருவிழா உரிமைக்காக நம்மவர் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். வடம் கேட்கிறவனைப் பார்த்து “தோழர், கல்லை எதுக்குத் தூக்கிச் சுமக்குறீங்க” என்று பகுத்தறிவு பேசுகிறவர்கள் இந்த ஐந்து பேரையும் நினைத்துக்கொண்டு பேசணும்.

எங்கள் மாவட்டத்திலேயே, 2022 டிசம்பரில் வேங்கைவயல். குடிதண்ணீர்த் தொட்டியில் மலம். விசாரிக்கப் போன இடத்தில் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் நம்மவர்களை விடுவதில்லை என்றும், டீக்கடையில் இரட்டைக்குவளை என்றும் தெரியவந்தது. அப்போதைய ஆட்சியர் கவிதா ராமு மக்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனார். அங்கே சாமி வந்து ஆடிய ஒருவர் சாதியைச் சொல்லி இழிவாகப் பேச, வழக்கு பதிவானது. சாமி வாய் திறந்தால் என்ன பேசும் என்பதை அன்றைக்கு எல்லோரும் கேட்டார்கள். அந்த வாரத்தில் ஒரு நண்பர் என்னிடம், “தொட்டி பிரச்சினையைக் கோயில் பிரச்சினையா திசைதிருப்பிட்டாங்க” என்று வருத்தப்பட்டார். தண்ணீருக்கும் கோயிலுக்கும் ஒரே பூட்டு என்பது அவருக்கு ஏன் தெரியவில்லை? 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளிகளாகச் சொல்லி அறிக்கை வைத்தது. அந்த மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. நான் நாத்திகன். அன்றைக்கு அந்தக் கோயில் படியில் ஏறியவர்களோடு நின்றிருந்தால் நானும் ஏறியிருப்பேன். திருநீறு வாங்கியிருக்கமாட்டேன்.

இதுவரை சொன்னது ஊரைப் பார்த்து. ஊரைப் பார்த்துப் பேசுவது நமக்குச் சுலபம். எங்கள் தெருக் காளிக்கு வருகிறேன்.

பறையை விட்டபிறகு எங்கள் தெருவில் காளிக்குத் தனியாகத் திருவிழா பெரிதாக வளர்ந்தது. இப்போது சீரியல் லைட், ஆடல்பாடல், அம்பேத்கர் படம் போட்ட பேனர், எல்லாம் உண்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. அய்யா செத்தபின் அந்தத் தலைக்கட்டு என் பேருக்கு வந்தது. மூன்று வருசம் நான் வரி கொடுக்கவில்லை. கொள்கை. மூன்றாம் வருசம் நோட்டை எடுத்துப் பார்த்தால் என் பேருக்கு நேரே ‘வரவு’ என்று இருக்கிறது. ஆத்தா நூறுநாள் வேலைக் கூலியில் கட்டியிருக்கிறாள். சத்தம் போட்டேன். “வரி கட்டலைன்னா நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு நம்ம வீட்டுக்கு யாருடா வருவாக? ஒனக்குச் சாமி வேண்டாம். எனக்குப் பொணந் தூக்க ஆளு வேணும்ல?” என்றாள். பதில் இல்லாமல் நின்றேன். என் கொள்கைக்கான செலவைக் கிழவி வெயிலில் மண் வெட்டிக் கட்டியிருக்கிறாள்.

அதே நோட்டில் இன்னும் இரண்டு விசயம் கண்ணில் பட்டது. புருசன் இல்லாத பொம்பளைக்கு அரைவரி. ஆத்தா தன் பேருக்கு அரை, என் பேருக்கு முழுசு கட்டியிருந்தாள். அரைவரி சலுகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அரைவரி கட்டுகிறவள் கூட்டத்தில் பேச முடியாது, பிரசாதத் தட்டு அவள் வீட்டுக்குக் கடைசியில் போகும். அடுத்து, எங்கள் தெருவுக்கு என்றே இருக்கும் புதிரை வண்ணார் வீடு. ஒரே வீடு. அது நோட்டிலேயே இல்லை. கரகம் வரும் பாதையில் அவர்கள்தான் மாத்துத் துணி விரிக்கிறார்கள். விரிப்பதற்குக் கூலி கிடையாது, வரியும் கிடையாது. எங்கள் அய்யாவுக்கு ஊர் வைத்த வேப்பமரத்தை நாங்கள் அந்த வீட்டுக்கு நட்டு வைத்திருக்கிறோம், அம்பேத்கர் பேனருக்குக் கீழேயே.

பறை இப்போது மேடைக்கு வந்திருக்கிறது, சந்தோசம்தான். 2007இல் சென்னை சங்கமத்தை டிவியில் பார்த்துவிட்டு அய்யா சொன்னது ஞாபகம் வருகிறது: “அடிச்சதுக்குத் துண்டு போடுறாகளாடா! எனக்குக் காசே தரையிலதான் போடுவாக.” அந்த வண்ணார் வீட்டுப் பெரியவருக்கு நாங்கள் காசைத் தரையில் போடுவதில்லை. கொடுப்பதே இல்லை.

ஆகவே போன வருசத்திலிருந்து நான் வரி கட்டுகிறேன். சில தோழர்கள் இதைச் சரணாகதி என்றார்கள். வரி கட்டாதவனுக்குக் கூட்டத்தில் வாய் கிடையாது, எனக்கு வாய் வேணும். சாமிக்கு முன்னால் நிற்பதில்லை, எலுமிச்சம்பழம் வாங்குவதில்லை. போன பங்குனியில் காப்புக் கட்டுக்கு முந்தின கூட்டத்தில் எழுந்து இரண்டு கேட்டேன். அரைவரியை எடுத்துவிட்டு எல்லாப் பொம்பளைக்கும் முழுத் தலைக்கட்டு. வண்ணார் வீட்டை நோட்டில் ஏற்றணும், மாத்து விரிப்பதை நிறுத்தணும். “சாமி இல்லைங்கிறவனுக்கு இதுல என்ன பேச்சு?” என்று ஒரு தம்பி கேட்டான். அதே கேள்வி, பாருங்கள், இந்தமுறை நம் பக்கத்திலிருந்து.

ராத்திரி பன்னிரண்டு வரை சண்டை. பொம்பளைகள் விசயம் அடுத்த வருசத்துக்குத் தள்ளிப்போனது. மாத்து விரிப்பதற்குப் பதில் வாடகைக் கம்பளம் என்று முடிவானது, செலவு கூடுகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே. வண்ணார் வீட்டுப் பேரைக் கணக்குப்பிள்ளை நோட்டில் ஏற்றினான். கடைசிப் பக்கத்தில், பென்சிலால்.