நான்கு வரி அளவுகோல்

கணக்குகளைச் செய்யும் சில்லாகிய செயலி ஒன்று மற்றொன்றைவிட எத்தனை மடங்கு விரைவானது என்பதை அறிய, கடிகாரத்தைக் குறித்துக்கொண்டு, ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வேலையை ஒரு கோடி முறை செய்யவைத்து, மீண்டும் கடிகாரத்தைக் குறிக்கும் நான்கு வரி நிரல் போதும். ஸ்ரீரங்கத்துக் கோடைப் பிற்பகலில் அதை ஓடவிட்டால் திரை அசையாது நிற்க, மடிக்கணினியின் விசிறி முதலில் முனகிப் பின் இரைகிறது; சூடேறிய சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால் அடுத்த ஓட்டம் சற்று நீளவும் கூடும். ஆகவே தேர்ந்தவர்கள் பிற வேலைகளை மூடிவிட்டு, பலமுறை ஓட்டி, இடையூறு மிகக் குறைந்த ஓட்டமாகிய சிறும நேரத்தையே ஏற்கிறார்கள். இதன் அழகு பெரிதும் அந்தப் பொறுமையில் உள்ளது.

ஓர் இயந்திரத்தில் 12 நொடி, மற்றதில் 3 நொடி எனில் விகிதம் நான்கு. அதற்குமேல் இந்நிரல் எதற்கும் உரிமை கோருவதில்லை. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீக்கணினி நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் வரை செய்யவல்லது எனினும், செயலியின் தனித்தியங்கும் பகுதியாகிய ஒரே கருவில் ஓடும் இந்நிரல், அங்கும் அந்த ஒரு கருவின் விரைவை மட்டுமே நேர்மையாகச் சொல்லும்.