சீனத்தை ஆய்ந்தோரும் ஆரணித் தறியும்

கல்வியைத் தேடிச் சீனம் வரையிலும் செல்லுங்கள் என்னும் வாசகத்தைக் கேளாத தமிழ் முஸ்லிம் இல்லம் இராது. மீலாது மேடைகளில் அது முழங்கக் கேட்டிருக்கிறோம். பள்ளி ஆண்டு மலர்களின் முகப்பில் பொறித்திருக்கக் கண்டிருக்கிறோம். ஹதீஸ் கலை வல்லார் இதன்பால் ஐயம் கொண்டனர். வாசகம் பரவலாக அறியப்பட்டதாயினும் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்றார் இமாம் பைஹகீ. இப்னுல் ஜவ்ஸீயோ, இட்டுக்கட்டப்பட்டவற்றைத் தொகுத்த தம் நூலில் இதனைச் சேர்த்துவிட்டார். ஆகவே இதனை அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமொழியென மேடையேற்றுவது தகாது. எனினும், கல்வி தேடுவது முஸ்லிம் ஒவ்வொருவர் மீதும் கடமை என்னும் நபிமொழியை அறிஞர் பலர் ஏற்றுள்ளனர். ஆதலின் தேடும் கடமையிலிருந்து நமக்கு விடுதலை கிடைத்துவிடவில்லை. இத்தனை காலமும் சீனத்தை நாவால் சொல்லி வந்த நாம், சீனத்தைப் பற்றி என்ன படித்தோம்?

இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்த இடம் நூலகமன்று. ஆரணியில் ஒரு தறி வீடு. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூர் நெல்லுக்கும் பட்டுக்கும் பேர்போனது. நெருங்கிய உறவினர் வீட்டு நிக்காஹுக்குப் புடவை எடுக்கச் சென்றிருந்தோம். புடவையைக் காட்டி முடித்த முதிய நெசவாளர், இரண்டு நூற்கண்டுகளை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்தார்.

“பாய், இது பெங்களூர்ப் பக்கத்து நூலு; இது சைனா நூலு. கையை வெச்சாலே எங்களுக்குத் தெரிஞ்சிடும். அவன் புழுவை எப்படித்தான் வளர்க்கிறானோ! நீங்க படிச்சவங்களாச்சே, ஏதாவது புஸ்தகத்தில் போட்டிருக்கா?”

நமக்கு நாவெழவில்லை. சீனத்தைப் பற்றி நூல்கள் உண்டென்பதை அறிவோம். சிலவற்றைப் புரட்டியும் இருக்கிறோம். ஆனால் அந்தப் பெரியவரின் கேள்விக்கு அவற்றுள் எது விடை சொல்லும் என்று நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஊர் திரும்பிய பின் அந்தக் கேள்வியையே உரைகல்லாகக் கொண்டு அந்நூல்களை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அவ்வாறு பார்த்ததில் தெளிந்த கருத்தை ஈண்டு வாசகர் முன் வைக்கிறோம்.

அரபு, பாரசீக நூல்கள்

சீனத்தைக் குறித்து அரபியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்று, ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’. ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851-இல் உருவானது. கடலோடி வணிகர் கூறிய செய்திகளின் தொகுப்பு இது. கொதிநீரிலிட்டுப் பருகும் கசப்பான தேயிலை, உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும் மெல்லிய பீங்கான், சிறியோரும் பெரியோரும் கோடையிலும் குளிரிலும் உடுத்தும் பட்டு ஆகியவை இதில் இடம்பெறுகின்றன. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸீராஃப் நகரத்து அபூ ஸைத் இதற்குத் தொடர்ச்சி எழுதினார். அவர் தரும் நிகழ்ச்சி ஒன்று சுவையானது. சீன அரசு அதிகாரி ஒருவரின் மார்பிலிருந்த மச்சம் பட்டாடையின் ஊடே தெரிவதை அரபு வணிகர் ஒருவர் வியந்து நோக்கினார். அதிகாரியோ நகைத்து, தாம் அணிந்திருந்த ஆடைகளை எண்ணிப் பார்க்கச் சொன்னாராம். அவை ஐந்து!

நெசவின் நயத்தை இதைவிடச் சுருக்கமாக உணர்த்துதல் அரிது. ஆயினும் அந்தப் பட்டை எவர் நெய்தார், அதன் புழு எந்த இலையைத் தின்றது என்பன பற்றி அந்த வணிகர் வாய் திறக்கவில்லை. சரக்கைப் பார்த்த கண் அது; அதன் பிறப்பைப் பார்த்த கண்ணன்று.

இக்குறையை உணர்ந்தோரும் நம் முன்னோரிடையே இருந்தனர். ஸல்ஜூக் அரசவையின் மருத்துவரான ஷரஃபுஸ் ஸமான் தாஹிர் மர்வஸீ, 1120-ஐ ஒட்டி எழுதிய ‘தபாயிஉல் ஹயவான்’ விலங்குகளின் இயல்பை ஆராயும் நூல். சீனரையும் துருக்கியரையும் இந்தியரையும் பற்றிய அதிகாரங்கள் அந்த உயிரியல் நூலுக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. மினோர்ஸ்கி என்னும் அறிஞர் இவ்வதிகாரங்களை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1942-இல் இலண்டனில் வெளியிட்டார். மக்களின் பழக்கத்தையும் உயிர்களின் இயல்பையும் ஒரே நூலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்னும் துணிவு, அந்த மருத்துவருக்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 1313-இல் தப்ரீஸில் ரஷீதுத்தீன் சீன மருத்துவத்தைப் பாரசீகத்தில் பெயர்த்துத் தந்தார். சீனத்தை வெறும் வியப்பாகக் கருதாமல், கற்க வேண்டிய பாடமாகக் கருதியதற்கு இது சான்று.

கையைப் பார்த்தவர்கள்

மா ஹுவான் என்னும் பெயரைப் பலரும் கேள்வியுற்றிரார். இவர் சீன முஸ்லிம், ஜெஜியாங் மாநிலத்தவர், தளபதி ஜெங் ஹேயின் கப்பல்களில் மூன்று முறை பயணம் செய்தவர். 1433-இல் நிறைவெய்திய இவரது நூலை மில்ஸ் 1970-இல் ஆங்கிலத்தில் தந்தார். கள்ளிக்கோட்டையைப் பற்றி எழுதுமிடத்தில், அவ்வூரார் பட்டு நூலை வேகவைத்து மென்மையாக்கி, பல நிறச் சாயமேற்றி, இடையிடையே கோடுகள் அமைத்துத் துணியாக நெய்கின்றனர் என்று மா ஹுவான் குறிக்கிறார். துணியின் நீள அகலத்தையும் விலையையும் சொல்கிறார்.

ஆரணியில் இன்றும் சாயமிடுவதற்கு முன்பு கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் வேகவைக்கிறார்கள். இழையைச் சூழ்ந்துள்ள பசை எடையில் ஏறத்தாழக் கால் பங்கு. அது நீங்கினாலன்றிப் பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வாரா. மன்னரின் யானைகளை எண்ணிச் செல்லும் பயணிகள் பலருண்டு. கொப்பரையில் வேகும் நூலை நின்று நோக்கியவர் மா ஹுவான். பட்டுத் தொழில் செழித்த மண்ணில் பிறந்த கண் அப்படித்தான் பார்க்கும் போலும்!

சீன நூல்களுள் ஸோங் யிங்ஸிங் 1637-இல் வெளியிட்ட ‘தியென்குங் கைவு’ நம் நெசவாளரின் கேள்விக்கு நேரே விடை தருவது. உழவு முதல் உலோகம் வரை தொழில்கள் பலவற்றைப் படங்களுடன் விளக்கும் நூல் இது. 1966-இல் ஆங்கிலத்திலும் வந்தது. பருவத்தில் முந்திய இனத்தின் ஆண் அந்துப்பூச்சியைப் பிந்திய இனத்தின் பெண்ணோடு இணைத்து நல்ல கலப்பினம் பெறுவதை ஸோங் இதில் எழுதியுள்ளார். இன்று கர்நாடகத்திலும் தமிழகத்திலும் வளர்க்கப்படும் பட்டுப்புழுக்களிலும் கலப்பினங்களே மிகுதி. 1596-இல் அச்சேறிய லீ ஷிஜெனின் மருந்து நூலோ, வெண்சுண்ணாம்பு போல் இறுகிச் சாகும் நோயுற்ற புழுவையும் மருந்துச் சரக்காகப் பதிந்திருக்கிறது. அதே நோய் இன்றும் நம் உழவர்களின் புழுவளர்ப்பு மனைகளில் இழப்பை உண்டாக்கி வருகிறது.

இக்கால ஆய்வுகள்

நம் காலத்துச் சீன ஆய்வுகளில் தலையாயது ஜோசஃப் நீடாம் தொடங்கிய ‘சீனாவில் அறிவியலும் நாகரிகமும்’ என்னும் நூல்வரிசை. நீடாம் உயிர் வேதியியலாளர். 1937-இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த லூ குவெய்ஜென் என்னும் சீன அறிவியலாளர் அம்மையாரால் சீன மொழியில் நாட்டம் கொண்டார். முதல் நூல் 1954-இல் வெளிவந்தது. 1995-இல் நீடாம் மறைந்த பின்னரும் வரிசை தொடர்ந்தது. வேளாண்மை 1984-இலும், தாவரவியல் 1986-இலும், டீட்டர் கூன் எழுதிய பட்டு நூற்பும் நூல் நூற்பும் பற்றிய பகுதி 1988-இலும் வந்தன. ஒரு நாட்டின் மெய்யியலையும் முசுக்கட்டை இலையையும் ஒரே வரிசையில் வைத்த பெருமை இதற்குண்டு.

ஆயினும் இதிலும் ஒரு குறை. கூனின் நூல் நூற்போடு நின்றுவிடுகிறது; தறிக்கு வரவில்லை. பாவையும் ஊடையையும் தேடிச் செல்லும் ஆரணி நெசவாளர் வாசலிலேயே நின்றுவிட நேரும். சீனம் அறிந்ததை முதலில் அறிந்தவர் எவர் என்று நிறுவும் ஆர்வம், தொழிலாளியின் அன்றாட வாழ்வைச் சில இடங்களில் மறைத்துவிடுகிறது என்பதும் நம் எண்ணம்.

மற்றொரு முனையில் நிற்பது மரபணு ஆய்வு. பட்டுப்புழுவின் மரபணுத் தொகுதியின் முதல் வரைவைச் சீன அறிவியலாளர் 2004-இல் வெளியிட்டனர். 2009-இல் வீட்டினப் புழுக்கள் 29, காட்டினப் புழுக்கள் 11 என நாற்பதின் மரபணுக்களை ஒப்பிட்டு, மனிதர் பழக்கியதால் மாறியிருக்கக்கூடிய 354 மரபணுக்களைச் சுட்டினர். பறக்கும் ஆற்றலை இழந்த இந்த அந்துப்பூச்சியின் உடலிலேயே சீன உழத்தியரின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது என்று கூறலாம். ஆனால் அந்த ஆய்வுரையில் உழத்தியர் இல்லை, எண்களே உள்ளன. நீடாமின் தோழர்கள் தறிக்கு வராமல் நின்றனர். மரபணு வல்லார் புழுவை விட்டு வெளியே வரவில்லை. இரு துறைகளும் ஒன்றையொன்று நோக்கினாலன்றி உண்மை முழுமை பெறாது என்பதே நம் முடிபு.

தமிழில் என்ன செய்தோம்?

தமிழர்க்கும் சீனர்க்கும் உள்ள உறவை ஆராய்ந்தோர் அரும்பணி செய்துள்ளனர். சீனத்தின் குவான்ஜோ துறைமுகத்தில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே சிவன் கோயில் எழுந்ததைச் சொல்கிறது. இலங்கையின் காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட கல், 1409-ஆம் ஆண்டினது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் மூன்று சமயத்தார்க்கும் அளித்த காணிக்கைகளை அது பட்டியலிடுகிறது. அவற்றுள் பட்டும் உண்டு. ஜப்பானியத் தமிழறிஞர் நொபொரு கராஷிமா நம் கடற்கரைகளில் சீனப் பீங்கான் சில்லுகளைத் தேடி அலைந்தார். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று.

இவற்றைப் போற்றுகிறோம். எனினும் அரசரும் தூதரும் கப்பலும் கல்லும் நிறைந்த இந்த வரலாற்றில், நூலும் இலையும் புழுவும் எங்கே? படிகாரத்தைச் சீனக்காரம் என்றும் சர்க்கரையைச் சீனி என்றும் வழங்கும் மொழி நம்முடையது. அந்தச் சீனக்காரமோ சாயத்தைத் துணியில் நிலைக்கச் செய்யப் பயன்பட்ட பொருள். நம் சமையலறையிலும் சாயப்பட்டறையிலும் குடியேறிய சீனத்தை நம் ஆய்வாளர் ஏன் பொருட்படுத்தவில்லை?

இந்தக் குறை முஸ்லிம்களாகிய நம்மையும் சுடவேண்டும். மைசூரில் பட்டுத் தொழிலை ஊன்றியவர் திப்பு சுல்தான். வங்கத்திலிருந்து அத்தொழிலை வரவழைத்தவர். இன்றும் ராமநகரம், சிட்லகட்டா போன்ற ஊர்களில் வெந்நீர்த் தொட்டியருகே கூட்டிலிருந்து இழை எடுப்போரில் முஸ்லிம் குடும்பங்கள் மிகுதி. நல்ல கூடு ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இழை உண்டு. அதன் நுனியைக் கொதிநீரில் விரலால் தேடிப் பிடிக்கும் நம் சகோதரியர் அறிந்தது எந்த நூலிலும் ஏறவில்லை. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டதென்பதை நன்கு மனனம் செய்த நாம், அந்தப் பட்டுக்காக விரல் வெந்தவரைப் பற்றி ஒரு பக்கமும் எழுதினோமில்லை.

இது வெறும் ஏட்டுக் கவலையன்று. சீனக் கச்சாப் பட்டு மலிவாக வந்து குவிந்தமையால் 2003-இல் இந்திய அரசு அதன்மீது குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. வரி சுவராக நிற்கலாம், ஆசானாக நிற்காது. அயல் நூல் ஏன் சீராக இருக்கிறது என்று வினவும் நெசவாளர்க்கு விடை தருவது புழுவின் இனம், இலையின் தரம், நூற்போரின் பயிற்சி ஆகியவை பற்றிய அறிவே. அவ்வறிவு ஆங்கிலத்திலும் சீனத்திலும் குவிந்து கிடக்க, நெய்பவரின் மொழியில் அதனைக் காண்பது அரிதாயிருக்கிறது.

ஆகவே நாம் விழைவது பெரிய கலைக்களஞ்சியமன்று. ஸோங் யிங்ஸிங்கின் பட்டுப் பகுதியையும் மா ஹுவானின் கள்ளிக்கோட்டைக் குறிப்பையும் மர்வஸீயின் சீன அதிகாரத்தையும் எளிய தமிழில் பெயர்த்து, ஆரணி நெசவாளரும் ராமநகரத்து நூற்போரும் சொல்வதை அருகில் வைத்த ஒரு சிறு நூல் போதும். அரபியும் பாரசீகமும் அறிந்த ஆலிம்கள் நம்மிடையே உள்ளனர். விலங்கியலும் வேளாண்மையும் கற்ற இளைஞரும் உள்ளனர். இவ்விரு சாராரும் ஒரே திண்ணையில் அமர்ந்தால் பணி நிறைவேறும், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பெரியவர் தந்த இரு நூற்கண்டுகளும் நம் மேசை மீதே இருக்கின்றன. எது சீனத்தது, எது பெங்களூரினது என்று தடவிப் பார்க்கிறோம். நம் விரலுக்கு இன்னும் புலப்படவில்லை. அடுத்த முறை ஆரணிக்குச் செல்லும்போது அவர் கேள்விக்கு ஒரு பகுதி விடையையேனும் எடுத்துச் செல்ல விரும்புகிறோம். வாசகருள் எவரேனும் துணை வருவாராயின், அவரையும் உடன் அழைத்துச் செல்வோம்.